குளறுபடி ராத்திரி!

வக்கீலுக்குப் படிக்கிற பையன்கள் நாடக விழா நடத்தினால் எப்படி இருக்கும்? லண்டனில் 'கிரேஸ் இன்' என்கிற சட்டக் கல்விக்கூடத்தில், 1594-ல் ரொம்பவே அமர்க்களமாக இருந்தது!

அவர்களுக்கு நாடகம் ஒன்றும் புதிதல்ல. இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் ஆள்மாறாட்டக் காமெடியை, 1566-லேயே 'சப்போசஸ்' என்று ஆங்கிலத்தில் மேடையேற்றியவர்கள். (காதலுக்காகத் தன் வேலைக்காரனோடு இடம் மாறிக்கொள்ளும் ஒரு மாணவனின் கதை. பையன்களுக்குப் பிடிக்காமல் போகுமா?)

பிளேக் நோயால் சில வருடங்கள் நின்றுபோயிருந்த கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் 1594-ல் மறுபடி களைகட்டியது. தங்களில் ஒருவரை 'இளவரசர்' ஆக்கி, மந்திரிகள், தூதர்கள் என்று ஒரு பொய் ராஜ்ஜியமே நடத்தினார்கள். டிசம்பர் 28 ராத்திரி, இன்னொரு சட்டக் கல்விக்கூடமான 'இன்னர் டெம்பிள்' மாணவர்கள் தூதுக்குழுவாக வந்து இறங்க... ஹாலில் மூச்சு முட்டும் நெரிசல். மேடை மேலேயே கூட்டம்! 'இதுதான் மரியாதையா?' என்று, சம்பந்தி வீட்டார் மாதிரி முறுக்கிக்கொண்டு விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள். திட்டமிட்டிருந்த நிகழ்ச்சிகள் அம்போ! கொஞ்சம் நடனம். கடைசியில், தொழில்முறை நடிகர்கள் ஒரு நாடகம் போட்டார்கள்.

அதுதான் ஷேக்ஸ்பியரின் 'காமெடி ஆஃப் எர்ரர்ஸ்'! ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் கதையில் ஒரு ஜோடி இரட்டையர்தான். ஷேக்ஸ்பியர் வேலைக்காரர்களையும் இரட்டையர்களாக்கிக் குழப்பத்தை இரண்டு மடங்காக்கியிருந்தார். அந்த ராத்திரிக்கே 'பிழைகளின் இரவு' என்று பெயர் நிலைத்துவிட்டது.

சட்ட மாணவர்கள் சும்மா விடுவார்களா? பிறகு கூடி, கேலி விசாரணை வைத்தார்கள். எல்லாம் ஒரு மந்திரவாதியின் வேலையாம்! மேடை கட்டவைத்து, கீழ்த்தரமான நடிகர் கும்பலைக் கொண்டுவந்து மானத்தை வாங்கினான் என்று குற்றச்சாட்டு. கைதியோ, உண்மையான குளறுபடி யாருடையது என்று போட்டு உடைத்தான். அவனுக்கு விடுதலை, குற்றம் சாட்டிய வக்கீல்களுக்குச் சிறை!

சும்மா சொல்லக் கூடாது, தங்களையே கிண்டலடித்துக்கொள்ளும் பக்குவம் பையன்களுக்கு இருந்தது. ஆனால், 'கீழ்த்தரம்' என்றது மட்டும் முழுக்க விளையாட்டாகத் தெரியவில்லை. பிரபுக்களின் ஆதரவு இல்லாமல் ஊர் சுற்றும் நடிகர்களை நாடோடிகளாகப் பிடித்துத் தண்டிக்க 1572-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைப் படித்தவர்கள்தானே இவர்கள்!

அந்த நாடகம் நடந்ததாக நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு, இந்தக் கொண்டாட்டத்தைப் பற்றி 1688-ல் அச்சான புத்தகம்தான். இளவரசராக நடித்த ஹென்றி ஹெல்ம்ஸின் பெயர் அதில் ஜம்மென்று இருக்கிறது. ஷேக்ஸ்பியர் பெயர்? ஓரிடத்தில்கூட இல்லை!