பள்ளி ஆலோசகரின் கடமை: கேட்பதும் காப்பதும்

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற பட்டியலின மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டார். இவ்வழக்கில் சக மாணவர்கள் உள்ளிட்ட சிறார்கள் பிடிக்கப்பட்டனர். சாதியத் தொல்லையால் அம்மாணவர் அதற்கு முன்பே பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். பள்ளி காரணம் கேட்டது, அவர் சொன்னார், சொன்ன பிறகு தாக்குதல் நிகழ்ந்தது.

குழந்தையைப் பேசச் செய்வதும், பேசிய குழந்தையைக் காப்பதும் வேறு வேறு பணிகள் அல்ல என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் பாடம். பள்ளி ஆலோசகர் என்னும் பொறுப்பை இந்த இடத்திலிருந்தே வரையறுக்க வேண்டும்.

இடருக்குள்ளான மாணவர் யார்?

மதிப்பெண் குறைவு, தொடர் விடுப்பு, முரட்டுத்தனம் ஆகியவற்றைக் கொண்டே இடருக்குள்ளான மாணவரை அடையாளம் காண்பது பள்ளிகளின் வழக்கம். இவை விளைவுகளே. கழிவறையைத் தூய்மை செய்யப் பணிக்கப்பட்ட மாணவியும், பேருந்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்ட மாணவனும் வருகைப் பதிவேட்டில் ‘ஒழுங்கற்றவர்’ என்றே தென்படுவர். ‘உனக்கு என்ன குறை?’ என்று தொடங்கும் ஆலோசனை, சமூகத்தின் குற்றத்தைக் குழந்தையின் மனக்குறையாக மாற்றிவிடும். ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

சட்டம் கூறுவது

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பாலியல் குற்றம் நிகழ்ந்ததாக அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆலோசகர் இதற்கு விலக்கானவர் அல்லர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காக்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது.

2025 ஜூலையில் சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என வழிகாட்டுதல் வழங்கியது. பட்டியலின, பழங்குடி மாணவர் உள்ளிட்ட விளிம்புநிலையினரைப் பாகுபாடின்றி அணுகப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் அது பணித்தது. நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், 500க்கு மேல் மாணவர் பயிலும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமிக்கப் பரிந்துரைத்தது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எதை இரகசியமாகக் காக்க இயலும், எதைத் தெரிவித்தாக வேண்டும் என்பதை உரையாடலின் தொடக்கத்திலேயே மாணவருக்கு விளக்க வேண்டும். இரண்டாவதாக, புகார் அளித்தவரின் பெயர் வகுப்பறைக்கோ எதிர்த்தரப்புக் குடும்பத்துக்கோ கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, எதிர்த்தரப்பை விசாரணைக்கு அழைக்கும் முன்பே, புகார் அளித்தவர் வீடு திரும்பும் வழி, பேருந்து, இரவுநேரப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பெற்றோருடன் திட்டமிட வேண்டும். நான்காவதாக, குற்றம் நிகழ்ந்திருப்பின் ‘சமரசம்’ என்ற பெயரில் அதை மூடாமல், காவல் துறைக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். ஐந்தாவதாக, சாதிப் பெருமையில் ஊறிய மாணவருடனும் தொடர்ந்து பணியாற்ற வேண்டும். கத்தி ஏந்தும் சிறுவனும் இடருக்குள்ளானவனே.

எல்லையும் கோரிக்கையும்

பாடம் நடத்தும் ஆசிரியரே ஆலோசகராகவும் இருந்தால், தம் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவரிடம் மாணவர் மனம் திறப்பது கடினம். தலைமையாசிரியருக்கு மட்டுமே கட்டுப்பட்டவர், பள்ளியின் பெயரைக் காக்க முற்படுவார். எனவே தனிப் பணியிடமும், பள்ளிக்கு வெளியே அறிக்கை அளிக்கும் உரிமையும், சாதி குறித்த பயிற்சியும் இன்றியமையாதவை.

தத்தம் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகளில் ஆலோசகர் உள்ளனர், அவர்களுடைய தகுதி என்ன, ‘மாணவர் மனசு’ பெட்டியில் சேர்ந்த புகார்கள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர் அமைப்புகள் கேட்கலாம். உடனடி உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகியவை உள்ளன. ஆயினும் பள்ளிக்குள்ளேயே நம்பிப் பேசத்தக்க ஒருவர் இருக்க வேண்டிய தேவையை எந்தத் தொலைபேசி எண்ணாலும் ஈடுசெய்ய இயலாது.