பத்திரம் எழுத மாட்டேன்னு சொன்ன தையல்காரர்

அமெரிக்கா தனி நாடாகறதுக்கு முப்பது வருஷத்துக்கும் முன்னாடி, 1742 வாக்குல நடந்த விஷயம். நியூ ஜெர்சியில மவுண்ட் ஹாலின்னு ஒரு சின்ன ஊர். அங்கே சாமான்களும் ரொட்டியும் விக்கிற ஒரு கடை. கணக்கு எழுத, கடையைப் பாத்துக்க வருஷச் சம்பளத்துக்கு ஒரு பையன். பேரு ஜான் வுல்மன், வயசு இருபத்திரண்டோ என்னமோ. ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "வீட்ல இருந்த கறுப்பினப் பொண்ணை வித்துட்டேன், ஒரு கிரயப் பத்திரம் எழுதிக் குடுப்பா"ன்னு சொல்றார். வாங்கினவர் பத்திரத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறார்.

நல்லா யோசிச்சுப் பாருங்க. வாங்கறது இவரில்லை, விக்கறதும் இவரில்லை. காசு இவர் கைக்கு வரப்போறதில்லை. அஞ்சு நிமிஷ எழுத்து வேலை, அவ்வளவுதான். நம்ம பாஷையில சொன்னா, மேலே இருந்து மெயில் வந்தாச்சு, க்ளையண்ட் லைன்ல வெயிட்டிங், நாம வெறும் பொட்டி தட்டற ஆளு.

வுல்மன் எழுதிக் குடுத்துட்டார். (இங்கே அவர் வீராவேசமா பேனாவைத் தூக்கி எறிஞ்சிருந்தா கதை நல்லா இருந்திருக்கும். என்ன பண்றது, வரலாறு நம்ம டைரக்டருங்க பேச்சைக் கேக்கறதில்லை.) ஆனா எழுதும்போதே மனசு கிடந்து அடிச்சுக்குது. முதலாளியும் வாங்கினவரும் இருக்கும்போதே, "அடிமை வச்சுக்கறது கிறிஸ்தவத்தோட ஒத்துப்போகாத காரியம்னு நான் நம்பறேன்"னு சொல்லிடறார். அப்படிச் சொன்னதுல கொஞ்சம் நிம்மதி, ஆனா "நான் எழுதவே மாட்டேன்னு விலகியிருந்தா இன்னும் தெளிவா இருந்திருக்கும்"னு பின்னாடி தன் நாட்குறிப்புல எழுதி வச்சிருக்கார். அதுக்கப்புறம் இன்னொரு ஆள் இதே மாதிரி பத்திரம் கேட்டு வந்தப்போ, முடியாதுன்னுட்டார்.

இதுல முக்கியமான சமாச்சாரம், வித்த முதலாளி, வாங்கினவர், எழுதினவர் எல்லாரும் கிறிஸ்தவங்க. வாங்கினவரும் எழுதினவரும் ஒரே சபை வேற, குவேக்கர்கள். (ஓட்ஸ் டப்பாவுல சிரிக்கிற தாத்தா ஞாபகம் வருதா? அந்தக் கம்பெனிக்கும் இந்தச் சபைக்கும் சம்பந்தம் கிடையாது. நேர்மைக்குப் பேர் போன ஆளுங்கன்னு பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.) 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்துல ஆரம்பிச்ச கூட்டம். பாதிரியார் கிடையாது, ஒண்ணா உக்காந்து மௌனமா இருக்கறதுதான் வழிபாடு. சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டாங்க, யுத்தத்துக்குப் போக மாட்டாங்க. கடையில பேரம் கூட தப்பு. ஒரு விலை சொல்லிட்டு அதைவிடக் கம்மிக்குக் குடுத்தா, முதல்ல சொன்னது பொய்தானேங்கிற லாஜிக்! இவ்வளவு நுணுக்கமா நேர்மை பாத்த மனுஷங்க வீட்டுலயும் அடிமைகள் இருந்தாங்கங்கிறதுதான் விஷயமே.

இதைக் கண்டிச்ச முதல் ஆள் வுல்மன் இல்லை. அவருக்கு முன்னாடி பெஞ்சமின் லேன்னு ஒருத்தர். நாலடி உயரம், கூன் முதுகு, பயங்கரக் கோபக்காரர். 1738ல பர்லிங்டன்ல நடந்த குவேக்கர் வருடாந்திரக் கூட்டத்துக்கு, நடுவுல குடைஞ்ச ஒரு புஸ்தகத்துக்குள்ளே சிவப்புப் பழச்சாறு நிரப்பின பையை ஒளிச்சு எடுத்துட்டுப் போனார். கூட்டத்துக்கு நடுவுல அதைக் கத்தியால குத்தி, அடிமை வச்சிருந்தவங்க மேலே "ரத்தம்" தெறிக்க விட்டார். சபை அவரை ஒதுக்கி வச்சுது. எனக்கு என்னவோ லே மேல தனிப் பாசம் உண்டு. ஆனா ஜனங்க "பைத்தியம்"னு சொல்லித் தப்பிச்சுக்க அவர்கிட்டே வழி இருந்துச்சு. வுல்மன்கிட்டே அந்த வழி இல்லை. அவர் கத்தலை, திட்டலை. தன்னோட அன்றாட வேலையில எந்த இடத்துல இந்தப் பாவம் ஒட்டியிருக்குன்னு தேடித் தேடி, அந்த இடத்துல மட்டும் மெதுவா கையை எடுத்துக்கிட்டார்.

உயில் கதை ஒண்ணு சொல்றேன். எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளுன்னு ஊர்ல உயில் எழுதவும் அவர்கிட்டேதான் வருவாங்க, நல்ல வரும்படி. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தருக்கு பலமா அடிபட்டுடுச்சு. ரத்தம் எடுத்து விடக் கூப்பிடறாங்க (அந்தக் கால வைத்தியம் அப்படி), கூடவே உயிலும் எழுதணும். எந்தப் பிள்ளைக்கு எதுங்கிறதோட, வீட்டு அடிமைப் பொண்ணு எந்தப் பிள்ளைக்குங்கிறதையும் சொல்றார். வுல்மன் எல்லாத்தையும் குறிச்சுக்கறார். வீட்டுக்குப் போய் உயிலை எழுதறார், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுட்டு. திரும்ப வந்து படுக்கை ஓரமா உக்காந்து, "சக மனுஷனை அடிமையாக்கற பத்திரத்தை என்னால எழுத முடியலை. எழுதின வரைக்கும் காசு வேண்டாம், மத்ததுக்கு என்னை விட்டுடுங்க"ன்னு சொல்றார். அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசறாங்க. கடைசியில அந்தப் பொண்ணுக்கு விடுதலைன்னு முடிவாகுது, வுல்மன் உயிலை முடிச்சுக் குடுக்கறார்.

இன்னொரு பெரியவர்கிட்டே இதே மாதிரி மறுத்தப்போ, அவர் வேற ஆளை வச்சு எழுதிக்கிட்டார். சில வருஷம் கழிச்சு உயிலை மாத்த மறுபடி இவர்கிட்டேயே வந்தார். மறுபடி பேச்சு. சில நாள் கழிச்சு அவரே வந்து, அடிமைகளுக்கு விடுதலைன்னு எழுதச் சொன்னார். நம்ம ஊர்ல சுந்தரர் கதையில கிழவர் ஆளோலையைத் தூக்கிக்கிட்டு கல்யாணத்துக்கு வந்து நிப்பாரே, அதுல ஓலையில என்ன இருக்குங்கறதுதான் வழக்கே. அடிமைத்தனம் சவுக்கை வச்சு மட்டும் நடக்கலை, எழுத்தும் கையெழுத்தும் வேணும். எழுதற கை நின்னா காரியம் கொஞ்சமாவது தடுமாறுது.

அப்புறம் வியாபாரம். வுல்மன் தனியா கடை வச்சார். பிரச்சனை என்னன்னா, நல்லா ஓடுச்சு! தேவையில்லாததை ஏழைங்க வாங்கி கடன்ல மாட்டறாங்க, அந்தக் கடன்ல நாம வளர்றோம்னு உறுத்தல். 1756 வாக்குல, "கடையை மூடப்போறேன், வேற கடை பாத்துக்கோங்க"ன்னு வாடிக்கையாளர்களுக்கே சொல்லிட்டு, தையல் தொழிலும் ஆப்பிள் கன்னுகளும் போதும்னு உக்காந்துட்டார். வளர்ற பிசினஸை வளர்றதுக்காகவே மூடின ஆளை நீங்க எந்த மேனேஜ்மெண்ட் புஸ்தகத்துலயும் பாக்க முடியாது.

1757ல மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் பயணம். தங்கற வீடுகள்லாம் அடிமை வச்சிருக்கற குவேக்கர் வீடுகள். விருந்தாளிக்குச் சாப்பாடு இலவசம். ஆனா சமைச்சது யாரு, குதிரைக்குப் புல்லு போட்டது யாரு? அதனால சின்ன வெள்ளிக் காசுகளை முன்கூட்டியே சேர்த்து எடுத்துட்டுப் போய், கிளம்பும்போது வேலை செஞ்சவங்களுக்குக் கூலியா குடுத்தார், இல்லை வீட்டுக்காரர்கிட்டே "அவங்களுக்குக் குடுங்க"ன்னு குடுத்தார். விருந்து வச்சவருக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும்! குடுத்தவருக்கும் கை நடுங்கியிருக்கும்.

அடுத்த வருஷம், 1758ல பிலடெல்ஃபியா வருடாந்திரக் கூட்டத்துல, "பொறுத்துப் பாப்போம், கடவுள் வழி காட்டட்டும்"னு பல பேர் தள்ளிப்போடப் பாத்தப்போ, வுல்மன் எழுந்து பேசினார். அடிமை வச்சிருக்கற உறுப்பினர்களை வீடு வீடா போய்ப் பாத்துப் பேச ஒரு குழு போட்டாங்க, அதுல இவரும் ஒருத்தர். அடிமைகளை வாங்கி விக்கிறவங்களுக்கு சபை நிர்வாகத்துல இடமில்லைன்னும் முடிவாச்சு. 1776ல தான் அடிமை வச்சிருந்தாலே சபையை விட்டு வெளியேன்னு ஆச்சு. நடுவுல பதினெட்டு வருஷம். வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒவ்வொருத்தரா பேசி முடிக்க அவ்வளவு காலம் பிடிச்சிருக்கு.

அவரைக் கறையே இல்லாத மகான் ஆக்கவும் முடியாது. இளம் வயசுல ஒரு உயிலை நிறைவேத்தற பொறுப்புல இருந்தப்போ, ஒரு கறுப்பினப் பையனை முப்பது வயசு வரைக்கும் வேலை செய்யணும்னு வித்ததுல அவருக்கும் பங்கு உண்டு. வருஷக்கணக்கா அது அரிச்சுக்கிட்டே இருந்து, கடைசி நாலரை வருஷ உழைப்புக்கான தொகையைத் தானே கட்டறதா கடன் பத்திரம் எழுதிக் குடுத்தார். பத்திரத்தால வந்ததைப் பத்திரத்தாலேயே தீத்தார்னு வச்சுக்கலாம்.

வயசாக ஆக லிஸ்ட் நீண்டுக்கிட்டே போகுது. மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரை வேண்டாம், அடிமை உழைப்பு. வெள்ளிக் கோப்பையில குடிக்க மாட்டார், சுரங்கத் தொழிலாளிகளோட பாடு. சாயம் போட்ட துணி வேண்டாம், சாயம் அழுக்கை மறைக்குதாம். சாயம் போடாத வெள்ளைத் தொப்பி போட்டா, அப்போ பாத்து வெள்ளைத் தொப்பி ஃபேஷனாம்! ஸ்டைலுக்குப் போடறார்னு சில பேர் சந்தேகப்பட்டாங்க :-) பாவம் மனுஷன். இதெல்லாம் கொஞ்சம் ஓவரோன்னு எனக்கும் தோணத்தான் செய்யுது. ஆனா அவர் போய் இருபது வருஷத்துக்குள்ளே, 1791ல, பிரிட்டன்ல அடிமைச் சர்க்கரைப் புறக்கணிப்பு ஆரம்பிச்சப்போ, சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டாங்கன்னு தாமஸ் கிளார்க்சன் கணக்கு சொல்றார். அடிமை வியாபாரத்தை ஒழிக்க 1787ல லண்டன்ல சங்கம் ஆரம்பிச்ச பன்னெண்டு பேர்ல ஒன்பது பேர் குவேக்கர்கள். 1807ல சட்டமே வந்துச்சு.

1772ல வுல்மன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மேல் கேபின்ல வீண் அலங்காரச் செதுக்கல் இருக்குன்னு, மாலுமிகளோட கீழ்த்தளத்துல படுத்துக்கிட்டே கடல் தாண்டினார். அங்கே இறங்கினதும் குதிரை வண்டியும் வேண்டாம். வேகத்துக்காக குதிரைகளைச் சாகடிக்கிறாங்க, வண்டியோட்டற பசங்க குளிர்ல விறைச்சுச் சாகறாங்கன்னு கேள்விப்பட்டு, லண்டன்லேர்ந்து யார்க் வரைக்கும் நடந்தே போனார். அவசியம் இல்லாம தனக்குத் தபால்ல கடிதம் அனுப்பாதீங்கன்னும் சொல்லிட்டார். யார்க்ல அம்மை போட்டுடுச்சு. அக்டோபர் 7ஆம் தேதி, ஐம்பத்திரண்டு முடிய சில நாள் இருக்கும்போது இறந்தார். அவர் நாட்குறிப்பு 1774ல புஸ்தகமா வந்துச்சு.

படுக்கையில கிடக்கும்போதே அடக்கத்துக்கான ஏற்பாட்டைச் சொல்லி எழுதச் சொல்லியிருந்தார். அலங்காரம் இல்லாத சாதா மரப்பெட்டி, உடம்பைச் சுத்த மலிவான கம்பளித் துணி. செலவுக்கு, போட்டிருந்த துணிமணியை எடுத்துக்கச் சொன்னார்.