அகரம் இல்லாத அகராதி

அகரத்தை ஆதியாகக் கொண்டமையால் அகராதி எனப் பெயர் பெற்றது. சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தும் முறை நமக்கு அப்பெயரிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் அகரமே இல்லாத சீன மொழியில், ஒருவர் முன்பின் கண்டிராத எழுத்தொன்றை எதிர்ப்பட்டால் அதை எங்கே தேடுவார்? அதன் ஒலியே தெரியாதவருக்கு ஒலிமுறை அகராதி பூட்டிய கதவுதானே, நேயர்களே!

இவ்வினாவுக்கு வழி கண்டவர் சூ ஷென் என்னும் ஹான் காலத்துப் புலவர். கி.பி. 100-இல் முடித்த தம் நூலில் 9,353 எழுத்துக்களை, அவற்றில் அமைந்துள்ள உறுப்பைக் கொண்டு 540 தலைப்புகளில் வகுத்தார். நீரைக் குறிக்கும் உறுப்பை உடையவை ஓரிடத்தில். மரத்தைக் குறிக்கும் உறுப்பை உடையவை மற்றோரிடத்தில். இதை அவர் வெறும் புலமை விளையாட்டாகச் செய்யவில்லை. சட்டத்துக்கு விளக்கம் கூறிய அதிகாரிகள் எழுத்துக்களை மனம்போனபடி பிரித்துப் பொருள் கண்டதைத் தம் பின்னுரையில் கண்டிக்கிறார். எழுத்தின் பொருள் பிறழ்ந்தால் எளியவன் பெறும் தண்டனையும் பிறழும் அன்றோ? நூல் அரசவை ஏற இருபத்தோர் ஆண்டுகள் ஆயின. 121-இல், நோயுற்றிருந்த தந்தையின் சார்பில் மகன் சூ சோங் அதைப் பேரரசருக்குச் சமர்ப்பித்தார்.

540 தலைப்புகளை நினைவில் வைத்தல் எளிதன்று. 1615-இல் மெய் யிங்ட்ஸு என்பவர் அவற்றை 214 ஆகச் சுருக்கி, ஒவ்வொரு தலைப்பின் கீழும் மிஞ்சிய தூரிகைக் கீற்றுக்களின் எண்ணிக்கைப்படி எழுத்துக்களை வரிசைப்படுத்தினார். காங்ஸி பேரரசரின் ஆணையால் 1716-இல் வெளிவந்த, 47,000-க்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட பேரகராதியும் அம்முறையையே ஏற்றது. உதாரணமாக, மன உறுதியைக் குறிக்கும் ஓர் எழுத்தின் அடியில் இதயத்தைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. அது 61-ஆம் தலைப்பு. எஞ்சியவை மூன்று கீற்றுக்கள். இதயத்துக்குரிய பகுதியைத் திறந்து, மூன்று கீற்று வரிசையைப் பார்த்தால் எழுத்து அகப்பட்டுவிடும். கண்ணும் எண்ணத் தெரிந்த விரலும் போதும், செவி வேண்டியதில்லை.

இக்கதவு அயலாருக்கு எளிதில் திறக்கவில்லை. 1759-இல் ஜேம்ஸ் ஃபிளின்ட் என்னும் ஆங்கில வணிகர் கான்டன் அதிகாரிகளின் மேல் சீன மொழியிலேயே முறையீடு கொண்டு சென்றார். அவருக்கு அதை எழுதிக் கொடுத்த சீனரின் தலை வெட்டப்பட்டது. அந்நியருக்கு மொழி கற்பித்தலும் தடை செய்யப்பட்டது. 1807-இல் கான்டன் வந்த பாதிரியார் இராபர்ட் மாரிசன் இத்தடையின் நிழலில்தான் பயின்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அச்சகத்தில், கையால் செதுக்கிய உலோக எழுத்துக்களைக் கொண்டு, 1815 முதல் 1823 வரை மக்காவில் வெளிவந்தது அவருடைய சீன–ஆங்கில அகராதி. அட்டையில் மாரிசன் பெயர் இருக்கிறது. அஞ்சி அஞ்சிக் கற்பித்த ஆசிரியர்களை நான் மறப்பதற்கில்லை. பள்ளி ஆசிரியனாகக் காலம் கழித்தவன் வேறு எவ்வாறு நினைப்பான்?

அந்நூலின் முதற்பகுதி உறுப்புமுறையில் அமைந்தது. இரண்டாம் பகுதி ஆங்கில எழுத்துக்களால் எழுதிய ஒலிமுறையில் அமைந்தது. அதன்பின் ஒலிமுறையே ஐரோப்பியர் அகராதிகளில் ஓங்கிற்று. இன்று கணினியில் காணும் அகராதிகள் பலவற்றுக்கு அடிப்படையான சொற்றொகுதியை 1997-இல் பால் டெனிசௌஸ்கி தொடங்கினார். ஊதியம் கருதாத பலர் சேர்த்தும் திருத்தியும் வர, அது இலட்சம் சொற்களைக் கடந்து வளர்ந்துள்ளது. ஒலியைத் தட்டினாலும் விடை வரும்; விரலால் எழுத்தைத் திரையில் வரைந்தாலும் வரும்.

வகுப்பில் பன்முறை பெயர் சொன்ன யுவான் சுவாங், 646-இல் முடித்த தம் நூலில் காஞ்சிபுரத்தை எவ்வாறு எழுதினார் என்று அறிய விரும்பி, நானும் அப்படித்தான் வரைந்து பார்த்தேன். நான்கு எழுத்துக்கள். அகராதி தந்த பொருள்: கட்டு; மன உறுதி; ஒட்டுப்போடு; வலை. இரண்டாவது, முன்னே சொன்ன அதே இதய எழுத்துத்தான். ஆனால் இப்பொருள்களைச் சேர்த்து நகரத்துக்கு ஒரு புராணம் கட்டிவிடலாகாது. அயல்நாட்டுப் பெயரை ஒலிக்க அவர் அவற்றை இரவல் வாங்கினார், அவ்வளவே. சரி, ஒலியையாவது பார்ப்போம் என்றால், "ஜியன் ஜி பூ லுவோ" என்கிறது அகராதி. இது காஞ்சிபுரமா?

இது இன்றைய பொதுமொழியின் ஒலி. யுவான் சுவாங் காலத்தில் முதலெழுத்து ககரத்தில் தொடங்கிற்று. ஈற்றெழுத்து "லா" என ஒலித்தது. இகரத்தை அடுத்த ககரம் வடசீன வழக்கில் பிற்காலத்தில் ஜகரமாய்த் திரிந்தது. ஒலிமுறையை மட்டும் நம்பி ககரத்தின் கீழ்த் தேடுபவருக்கு இவ்வெழுத்து அகப்படாது. உருவமோ மாறவில்லை, உறுப்பைக் கண்டு கீற்றை எண்ணினால் இன்றும் கிடைக்கிறது. கான்டன் வழக்கின் ஒலியையும் உடன் காட்டும் அகராதிகள் உண்டு. அவற்றில் அவ்வெழுத்துக்கு எதிரே ககரம் இன்னும் இருக்கிறது.