கலகக்காரனும் தியாகியும்

தோட்டங்களில் உரிமை கேட்டவனுக்குத் துரைமார் இட்ட பெயர் 'கிளர்ச்சிக்காரன்'. 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனம் கண்ட கோ. நடேசய்யரும் அப்பெயருக்குத் தப்பவில்லை. நிறமும் காப்பாற்றாது போலும்: துரைத்தனம் பயில வந்து தொழிலாளர் பக்கம் சேர்ந்த பிரேஸ்கேர்டிலை 1937இல் நாடுகடத்த ஆணையிட்டனர், நீதிமன்றம் அவ்வாணையைத் தள்ளியது.

1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் மாண்டார். நாம் சற்றே நிற்க வேண்டிய இடம் இது. இறந்தவன் 'கலகக்காரன்' என்றால் துப்பாக்கிக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. 'தொழிலாளி' என்றால் சுட்டவன் பதில் சொல்லியாக வேண்டும். லயத்து மக்களோ இரண்டையும் விடுத்துத் 'தியாகி' என்றனர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலப்பறிப்பை எதிர்த்து நின்று, பொலிசாரின் குண்டுக்கு இரையான இளைஞன் சிவனு லெட்சுமணனையும் அச்சொல்லாலேயே அழைத்தனர்.