குறுநீள பேஸ் கிதார்: தந்தி என்னும் சான்று

மின்னிசைக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் கருவியின் உடலையும் அதை வாசித்த கலைஞரையுமே பெரிதும் பேசுகின்றனர். தந்தியைப் பேசுவது அரிது. குறுநீள பேஸ் கிதார் தொடக்க மாணவருக்கானது, அதன் ஒலி வலுவற்றது என்னும் தீர்ப்பு நிலைபெற்றதற்கு இந்தப் புறக்கணிப்பும் ஒரு காரணம் என்பதே என் வாதம்.

1951இல் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தந்தியின் அதிர்வு நீளம் 34 அங்குலம். 1953இல் கிப்சன் நிறுவனம் 30.5 அங்குல நீளத்தில் தன் மின்பேஸை வெளியிட்டது. 1956இல் மேற்கு ஜெர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் வயலின் வடிவில், உள்ளீடற்ற உடலுடன், 30 அங்குல நீளமுள்ள 500/1 கருவியை அறிமுகப்படுத்தியது. 1961இல் பால் மெக்கார்ட்னி ஹாம்பர்க் நகரில் வாங்கியது இதைத்தான்.

நான்கு அங்குலக் குறைவு சிறிதன்று. ஒரே தந்தியை ஒரே சுருதியில் வைத்தால் அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே 34 அங்குலத்திலிருந்து 30க்கு இறங்கும்போது இழுவிசை சுமார் 22 விழுக்காடு குறைகிறது. தளர்ந்த தந்தி அகன்று அதிர்ந்து ஃப்ரெட்டுகளில் மோதுகிறது. அதைத் தவிர்க்க பிரிட்ஜை உயர்த்தினால், அழுத்தும் விரலால் சுருதி ஏறிவிடுகிறது. இழந்த இழுவிசையை மீட்கத் தந்தியின் விட்டத்தை ஏறத்தாழ 13 விழுக்காடு கூட்ட வேண்டும். ஆனால் குறுகிய நீளத்தில் பருத்த தந்தி விறைத்துவிடுவதால் மேற்சுரங்கள் பிசகி, கீழ்த்தந்தி மங்கி ஒலிக்கிறது. தந்தித் தேர்வு என்பது இவ்விரு தீங்குகளுக்கும் இடையே கண்டடையும் சமரசமே.

1950களில் பேஸுக்குப் பரவலாக வழங்கியது தட்டை நாடா சுற்றிய பிளாட்வூண்ட் தந்தி. அது மேற்சுரங்களை அடக்கி அடிச்சுரத்தை முன்னிறுத்துவது. மெக்கார்ட்னியின் தொடக்கக்காலப் பதிவுகளில் கேட்கும் உருண்டு திரண்ட ஒலி, உள்ளீடற்ற உடல், குறுநீளம், பிளாட்வூண்ட் தந்தி ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. 1966இல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், ரோட்டோசவுண்ட் நிறுவனத்துடன் இணைந்து, பளீரென ஒலிக்கும் ரவுண்ட்வூண்ட் தந்திகளைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் செவிகளின் அளவுகோலே மாறியது. பழைய கருவியில் புதிய தந்தியை மாட்டிக் கேட்டவர்கள், குறையைக் கருவியின் மேல் ஏற்றினர்.

கருவியைச் சீரமைப்பதும் வரலாற்று வாசிப்பே. ஹோஃப்னரில் தந்தியின் அடிமுனை பிரிட்ஜுக்குப் பின்னுள்ள டெயில்பீஸில் பொருத்தப்படுகிறது. அதனால் அதிர்வு நீளம் 30 அங்குலமே ஆயினும், பிரிட்ஜிலேயே தந்தியைப் பொருத்தும் குறுநீளக் கருவிகளைவிட அதற்கு நீண்ட தந்தி வேண்டும். பிரிட்ஜும் தந்தியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. தந்தியின் வகையோ பருமனோ மாறினால் அதை நகர்த்தி, சுரத்தானங்களை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

மரம் எஞ்சுகிறது, தந்தியோ தேய்ந்து கழற்றி எறியப்படுகிறது. அருங்காட்சியகத்தில் காணும் கருவி பாதிச் சான்றுதான். ஆகவே, பழைய பதிவொன்றை ஆராயும் மாணவர், “எந்தக் கருவி?” என்பதோடு “எந்தத் தந்தி, எத்தனை பருமன், எவ்வளவு உயரத்தில்?” என்றும் கேட்க வேண்டும். அக்கேள்விகள் இல்லாமல் ஓர் ஒலியை வலுவற்றது என்று தீர்ப்பது, மூல ஏட்டைக் காணாமல் பாடபேதம் பேசுவதற்கு ஒப்பாகும்.