கடிபட்ட இலையின் மணம்: ஒட்டுண்ணிக் குளவி ஆய்வின் வரலாறு

மக்காச்சோளக் காட்டில் ஒளிந்திருக்கும் புழுவை அதன் உடல் வாசனையைக் கொண்டு தொலைவிலிருந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம். எதிரியின் மூக்குக்கு அகப்படாமல் தப்பித் தப்பியே பிழைத்துவந்த உயிர் அது. ஆனாலும் 3 மில்லிமீட்டர் அளவே உள்ள ஒட்டுண்ணிக் குளவி அதைத் தேடிவந்து, அதன் உடலுக்குள் முட்டையிட்டுப் போகிறது. அதற்கு வழிகாட்டுவது செடி. இந்த உண்மை துலங்க அரை நூற்றாண்டு பிடித்தது.

தொடக்கத்தைத் தோர்ப், காடில் ஆகிய இருவரும் 1938-இல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். பைன் மரக் குருத்தைத் துளைக்கும் புழுவைத் தாக்கும் பிம்ப்லா குளவியை அவர்கள் ஆராய்ந்தார்கள். முட்டை முதிராத இளம் பெண் குளவிகள் பைன் எண்ணெய் வாசனையை விட்டு விலகின. முட்டை முதிர்ந்தபின் அதே வாசனையை நாடி வந்தன. புழு இல்லாமலே, அது குடியிருக்கும் மரத்தின் மணமே குளவியை இழுத்தது. அருமையான அவதானிப்பு. எனினும் இந்தப் பார்வையில் மரம் வெறும் முகவரிதான், எதுவும் செய்வதில்லை.

அந்த எண்ணத்தை 1980-களில் நெதர்லாந்தின் மார்செல் டிக்கேயும் மொரிஸ் சபெலிஸும் மாற்றினார்கள். சிலந்திப்பேன் தாக்கிய அவரைச் செடி புதிய மணத்தை வெளிவிட்டு, சிலந்திப்பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களை வரவழைப்பதை அவர்கள் காட்டினார்கள்.

குளவிகளுக்கும் இது பொருந்தும் என்பதை 1990-இல் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் மூவரும் அமெரிக்காவில் நிறுவினர். அவர்களுடைய சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மக்காச்சோள நாற்றின் இலையைப் பிளேடால் கீறினால் உடனே பச்சை வாசனை கிளம்பும். அது புல் அறுக்கும்போது வருவது போன்றது, சீக்கிரம் அடங்கிவிடும். கீறிய இடத்தில் படைப்புழுவின் வாய்நீரைத் தடவினால், சில மணி நேரம் கழித்து டெர்பீன் வகை மணப்பொருள்கள் மிகுதியாக வெளிவருகின்றன. வெறும் கீறலுக்கு இந்த அளவு வருவதில்லை. அந்த மணத்தைத்தான் கோட்டீசியா குளவி நாடிச் சென்றது. வாய்நீரில் இருந்து செடியைத் தூண்டும் பொருளை 1997-இல் பிரித்தெடுத்து, அதற்கு வொலிசிட்டின் என்று பெயரிட்டார்கள். தின்ன வந்த புழுவின் எச்சிலே அதைக் காட்டிக்கொடுக்கிறது! மறு ஆண்டே, புகையிலையையும் பருத்தியையும் எந்த இனப் புழு கடித்தது என்பதைக்கூட மணத்தால் பிரித்தறியும் குளவி உண்டு என்பது தெரியவந்தது.

வயலுக்கு இந்த அறிவைக் கொண்டுபோன முயற்சிகளில் கென்யாவில் நடந்ததே முக்கியமானது என்பது என் கருத்து. மக்காச்சோளத்துக்கு இடையே மெலினிஸ் என்னும் புல்லை நட்டார்கள். புழு கடிக்காதபோதும் அந்தப் புல் குளவியை ஈர்க்கும் மணத்தை வெளிவிடுகிறது. தண்டுத் துளைப்பான் குறைந்தது, குளவி தாக்கிய புழுக்கள் கூடின என்று கானும் அவருடைய குழுவினரும் 1997-இல் பதிவுசெய்தனர். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் நிலையமோ அசுவினியின் அபாய வாசனையை எந்நேரமும் வெளிவிடும் மரபணு மாற்றக் கோதுமையை உருவாக்கியது. ஆய்வகத்தில் அசுவினி விலகியது, குளவி நாடியது. வயலிலோ அசுவினியும் குறையவில்லை, குளவியின் தாக்குதலும் கூடவில்லை. 2015-இல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் பலித்த மணம் வயலிலும் பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அந்துப்பூச்சி முட்டையிட்ட உடனேயே குளவிகளை அழைக்கும் பாரம்பரிய மக்காச்சோள ரகங்கள் இருப்பதும், சோதித்த வணிக வீரிய ரகங்களில் அந்தத் திறன் காணப்படாததும் 2011-இல் வெளிவந்தன. அந்த ஆய்வில் முட்டையிட்ட கைலோ பார்ட்டெல்லஸ் ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன பூச்சி. நம் சோளக் காட்டுத் தண்டுத் துளைப்பானும் அதுவே. விளைச்சலையும் வயதையும் பார்த்து ரகம் தேர்ந்தெடுக்கும் நம் பயிர் இனவிருத்தியாளர்கள், நாட்டுச் சோள ரகங்கள் முற்றாக மறைவதற்குள், கடிபட்ட இலை என்ன மணம் விடுகிறது என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.