வாலில்லாத கோட்டு

முல்லைப்பாட்டில், அரசனின் பாசறையில் பணிபுரியும் யவனர்களைப் பற்றிய சித்திரம் ஒன்று வரும். அவர்கள் உடல் மீது அணிந்திருக்கும் சட்டையை நப்பூதனார் ‘மெய்ப்பை’ என்ற சொல்லால் குறிக்கிறார். மெய் புகுகின்ற பை. அச்சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. பை மெய்க்காகத் தைக்கப்படுகிறதா, அல்லது பைக்குள் அடங்கும்படி மெய் பழக்கப்படுகிறதா? படைச்சீருடையைப் பொறுத்தவரை இரண்டாவதே உண்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பதினேழு, பதினெட்டு வயதில் பயிற்சிக்கு வந்து சேரும் இளையோருக்குச் சீருடை தைப்பவர்கள் இரண்டு கேள்விகளையும் ஒருசேரச் சந்தித்தாக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் அணிவகுப்புக் கோட்டு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அக்கோட்டு தேர்ந்தெடுக்கப்பட்ட கதையும், நூற்றறுபது ஆண்டுகள் கழித்து அது திருத்தித் தைக்கப்பட்ட கதையும் சேர்த்து வாசிக்கத்தக்கவை.

ஹட்சன் ஆற்றங்கரையில் 1802ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்லூரி அது. அங்கே பயில்வோரைக் கேடட்டுகள் என்பார்கள். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு இளைய மகன் என்பது பொருள். குடும்பச் சொத்து மூத்தவனுக்குப் போய்விட, படைக்கு அனுப்பப்பட்டவன் இளையவன். சொல்லின் பிறப்பிலேயே ஒரு பொருளாதாரம் ஒளிந்திருக்கிறது.

தொடக்க ஆண்டுகளில் இம்மாணவர்களின் உடை நீல நிறம். 1816இல் அது சாம்பல் நிறமாக மாற்றப்பட்டது. இம்மாற்றத்திற்கு வழிவழியாகச் சொல்லப்படும் காரணம் வீரம் செறிந்தது. 1814ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், நயாகரா ஆற்றையொட்டிய சிப்பாவா என்னுமிடத்தில், வின்ஃபீல்டு ஸ்காட் நடத்திச்சென்ற அமெரிக்கப் படைப்பிரிவு பிரிட்டிஷ் படையைப் பின்வாங்கச் செய்தது. அன்று ஸ்காட்டின் வீரர்கள் அணிந்திருந்தது சாம்பல் நிறச் சட்டை. அந்த வெற்றியின் நினைவாகவே கல்லூரிக்கு அந்நிறம் தரப்பட்டது என்பது மரபு. ஸ்காட் தம் தன்வரலாற்றிலும் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் ஸ்காட்டின் வீரர்கள் ஏன் சாம்பல் நிறம் அணிந்தார்கள்? போர்க்காலத் தட்டுப்பாட்டில் நீலத் துணி கிடைக்கவில்லை என்பதால்தான். கல்லூரி விஷயத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். அக்கல்லூரியின் முதல் பட்டதாரியும் அன்றைய பொறியாளர் படைத்தலைவருமான ஜோசப் ஸ்விஃப்ட் சாம்பல் துணியைப் பரிந்துரைத்தபோது, அதன் விலை நீலத்தைவிட மாணவர்களின் கைப்பொருளுக்கு ஏற்றது என்பதையே காரணமாகக் காட்டினார். போர்க்களத்தின் புகழ் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். சிக்கனத்தில் பிறந்த ஒன்று காலப்போக்கில் மரபாகி, மரபு புனிதமாகிவிடுவது எல்லாப் பண்பாட்டிலும் நிகழ்வதுதான். நம் சடங்குகளைத் துருவிப் பார்த்தாலும் இப்படிப்பட்ட சிக்கனங்கள் சில அகப்படும்.

அப்புனிதம் எத்துணை உறுதியானது என்பதை 1861 காட்டியது. உள்நாட்டுப் போர் மூண்டதும் தென்மாநில மாணவர்கள் பலர் கல்லூரியை விட்டு விலகித் தத்தம் மாநிலத்துக்காகப் போரிடச் சென்றார்கள். பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பு தன் படைக்கு வகுத்த உடை விதிகளில் குறிப்பிட்டது ‘கேடட் சாம்பல்’ என்று பெயர் பெற்றிருந்த அதே நிறத்தைத்தான். எதிரி தன் நிறத்தை உடுத்திக்கொண்டு எதிரே நின்றபோதும் கல்லூரி தன் கோட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தக் கோட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் விறைப்பான காலர். மார்பில் மூன்று வரிசையாக உருண்டைப் பித்தளைப் பொத்தான்கள். அவற்றை இணைத்து ஓடும் கறுப்புப் பின்னல். முன்பக்கம் இடுப்போடு நின்றுவிடும். பின்பக்கம் மட்டும் இடுப்புக்குக் கீழே துணி பிரிந்து தொங்கும். இதை வால் என்பார்கள். மைதானத்தில் அணிவகுத்து நிற்கும்போது, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு முகம் தெரியாது, ஊர் தெரியாது, செல்வனா ஏழையா என்பது தெரியாது. தெரிவதெல்லாம் ஒரே வரிசை. அவ்வாறு தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தக் கோட்டு.

ஆனால் ஒரேபோலத் தெரிவதற்கு ஒரே அளவில் தைத்தால் போதாது. கோட்டுத் தைக்கத் தெரிந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: முதலில் தோளைப் பார்க்க வேண்டும். தோள் பொருந்திவிட்டால் இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம், கையைக் குறைக்கலாம், தையலுக்குள் மடித்து விட்டிருக்கும் துணியைப் பிரித்து அகலமாக்கலாம். தோள் பொருந்தாத கோட்டைத் திருத்துவது புதிதாகத் தைப்பதற்குச் சமம். வளரும் வயதினருக்குத் தைக்கும்போது உள்ளே விட்டுவைக்கும் அந்தத் துணிதான் நாளைய உடம்புக்கான இடம். ஒவ்வோர் உடம்புக்கும் ஒவ்வொரு விதமாகத் திருத்தினால்தான் வரிசை ஒன்றாகத் தெரியும். நல்ல திருத்தம் என்பது கண்ணுக்குத் தெரியாத திருத்தம்.

இந்தக் கோட்டு சமத்துவத்தைத் தந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹென்றி ஃபிளிப்பர் 1877இல் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர். நான்கு ஆண்டுகளும் அவர் அணிந்தது மற்றவர்கள் அணிந்த அதே சாம்பல் கோட்டுதான். அந்நான்கு ஆண்டுகளும் உடன் பயின்றவர்கள் அவரை ஒதுக்கியே வைத்தார்கள். துணி ஒன்றாக இருந்தது, மனம் ஒன்றாகவில்லை. ஆயினும் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குக் கோட்டில் இடமில்லை. மைதானத்தில் நிற்கும் பொழுதில், வரிசையின் கணக்கில், அவரும் ஒருவர்.

நூறாண்டு கழித்து நிலைமை தலைகீழாயிற்று. 1975 அக்டோபரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இராணுவக் கல்லூரிகளைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. பயிற்சியின் தரங்கள் ஆண்களுக்கு உள்ளவையாகவே இருக்க வேண்டும், உடற்கூறு வேறுபாட்டால் தேவைப்படும் குறைந்தபட்ச, இன்றியமையாத மாற்றங்கள் மட்டுமே செய்யலாம் என்று அச்சட்டம் வரையறுத்தது. 1976 ஜூலை 7ஆம் நாள் 119 பெண்கள் வெஸ்ட் பாயிண்டில் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் கோட்டுத் தைக்க வேண்டியிருந்தது.

மார்புக்கும் இடுப்புக்கும் ஏற்ப வெட்டு மாறவேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அது சட்டம் சொன்ன இன்றியமையாத மாற்றம். எந்தத் தையற்காரரும் செய்திருக்கக்கூடியது. ஆனால் வடிவமைத்தவர்கள் அத்தோடு நிற்கவில்லை. பின்புறம் தொங்கும் வால் பெண்ணுடலின் பின்பகுதியை எடுத்துக்காட்டும், அது அழகாக இராது என்று கருதினார்கள். ஆகவே பெண்களுக்கான அணிவகுப்புக் கோட்டை வாலில்லாமல் தைத்துக் கொடுத்தார்கள்.

இதில் தீய நோக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணியம் காக்கும் அக்கறை என்றே அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். விளைவோ வேறு. சாம்பல் நிறக் கோட்டு, அதன் கீழே வெண்ணிறக் கால்சட்டை. வரிசையின் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு, எல்லோர் இடுப்புக்கும் கீழே சாம்பல் வால் தொங்க, சிலருக்கு மட்டும் இடுப்போடு சாம்பல் முடிந்து வெண்மை தொடங்கிவிடும். எதைக் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும் என்று வாலை நீக்கினார்களோ, அதையே தொலைவிலிருந்தும் கண்டுகொள்ளும்படி ஆக்கிவிட்டது அந்தத் திருத்தம். ஃபிளிப்பருக்கு நேர்ந்த அநீதி கோட்டுக்கு வெளியே இருந்தது. இவர்களுக்கோ வேற்றுமை கோட்டிலேயே தைத்துத் தரப்பட்டது.

ஆல்டரேஷன் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இருவகை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. கோட்டு கோட்டாகவே இருக்க, அதை உடம்புக்குப் பொருத்துவது ஒன்று. பார்ப்பவரின் கூச்சத்திற்காகக் கோட்டையே வேறொன்றாக்கி விடுவது மற்றொன்று. முதலாவதில் அளவுநாடா உடம்பின் மேல் இருக்கிறது. இரண்டாவதில் அது பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கத்தரி, ஒரே ஊசி. இரண்டையும் சலுகை என்ற ஒரே பெயரால் அழைத்துவிடவும் முடியும். அதனால்தான் வேற்றுமை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. புதிதாக ஒருவரை நம் அவைக்குள் அனுமதிக்கும்போது, அவருடைய தேவைக்காக மாற்றுகிறோமா, நம்முடைய சங்கடத்துக்காக மாற்றுகிறோமா என்ற கேள்வி, சீருடையோடு நின்றுவிடுவதன்று.

பின்னாளில் அந்தத் தவறு திருத்தப்பட்டது. பெண்களின் கோட்டுக்கும் வால் வந்து சேர்ந்தது. 1976இல் நுழைந்த அந்த 119 பேரில் 62 பேர் 1980 மே 28ஆம் நாள் பட்டம் பெற்றார்கள். இடையில் வெளியேறியவர்களுக்குக் காரணங்கள் பல. கோட்டின் மீது அவற்றைச் சுமத்துவது நியாயமாகாது. அக்கல்லூரியில் இன்று இருபாலாரும் அணியும் கோட்டில் மார்பும் இடுப்பும் வேறு வேறாக வெட்டப்பட்டிருக்கும். பின்னால் தொங்கும் வால் மட்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

வெயிலையோ குளிரையோ தடுக்காத, எந்த வெட்டையும் தாங்காத இரண்டு சாண் துணி அது. போரில் அதனால் பயனேதுமில்லை. அது இல்லாதபோதுதான் அதன் பயன் தெரிந்தது.